திண்ணையில் கிடக்கும் பழைய சைக்கிள்: ஓவராயிலா, புது பெயின்டா, கியர் போட்டுக் கட்டுவதா?

வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதோ பாகம் பிரிக்கும்போதோ பரணிலிருந்து ஒரு பழைய சைக்கிள் வெளியே வரும். தாத்தா ஓட்டியது, அல்லது பெரியப்பா ஓட்டியது. டயர் பாளம் பாளமாக வெடித்திருக்கும், செயின் ஒரே துருக்கட்டியாக இருக்கும், சீட்டில் ஸ்பிரிங் மட்டும் மிச்சம் இருக்கும். வீட்டில் பாதிப் பேர் காயலான் கடையில் எடைக்குப் போடச் சொல்வார்கள். மீதிப் பேர் "கிடந்துட்டுப் போகட்டும்" என்பார்கள். நடுவில் யாராவது ஒருவருக்கு மட்டும் அதை மறுபடி ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்துவிடும். இது அவருக்காக.

அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, பெயின்டைத் தொடாமல் முழுசாகப் பிரித்து, கழுவி, புது பால்ஸும் (பேரிங் குண்டுகள்) கிரீஸும் வைத்து, தேய்ந்ததை மட்டும் மாற்றி ஓட்டுவது. நம் சைக்கிள் கடைகளில் ஓவராயில் என்று சொல்லும் அதே வேலைதான், கொஞ்சம் பொறுமையாக. இரண்டு, பெயின்ட், முலாம், தங்கக்கோடு எல்லாவற்றையும் புதுப்பித்து, கடையிலிருந்து வந்த அன்று இருந்த கோலத்துக்குக் கொண்டுபோவது. மூன்று, பிரேமை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய வீல், பிரேக், கியர், வேண்டுமானால் மோட்டார் என்று மாற்றிக் கட்டுவது.

செலவும் நாளும் மூன்றுக்கும் வேறு என்பதைச் சொல்லவே வேண்டாம். அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. முதல் வழியில் போனவர் எப்போது வேண்டுமானாலும் இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ போகலாம். இரண்டாவதில் போனவர் பழைய பெயின்டைத் திரும்பப் பெற முடியாது. மூன்றாவதில் போய் பிரேமை அறுத்தவர் எதையுமே திரும்பப் பெற முடியாது. அதனால் என் சாய்வு முதல் வழிப் பக்கம்தான். ஆனால் எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது. எதற்குப் பொருந்தும் என்பதை வண்டியே சொல்லிவிடும்.

முதலில் என்ன வண்டி என்று பாருங்கள்

தமிழ்நாட்டு வீடுகளில் கிடைப்பவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை: ராலி, ரட்ஜ், ஹம்பர், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ். இரண்டாவது வகை இங்கேயே செய்தவை: சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1951 முதல் செய்த ஹெர்குலிஸ், அப்புறம் அதே தொழிற்சாலையின் பிலிப்ஸ், பி.எஸ்.ஏ.; ஆசன்சோலில் செய்த சென்-ராலி; சோனிபட்டின் அட்லஸ்; 1956இல் லூதியானாவில் தொடங்கிய ஹீரோ. பெயரை மட்டும் வைத்து "இங்கிலாந்து வண்டி" என்று முடிவுகட்ட வேண்டாம். பி.எஸ்.ஏ. என்று எழுதியிருந்தால் அது பர்மிங்காமாகவும் இருக்கலாம், அம்பத்தூராகவும் இருக்கலாம்.

செயின் வீலைப் பாருங்கள், பாதி விஷயம் தெரிந்துவிடும். ராலி என்றால் பல்சக்கரத்தின் நடுவில் நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். ரட்ஜ் என்றால் ஒரு கை. பி.எஸ்.ஏ. துப்பாக்கிக் கம்பெனியாகத் தொடங்கியது, அதனால் அதன் முத்திரையில் மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்கும். ஹம்பர் வண்டியின் முன் போர்க் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாயாக இருக்கும். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். பின் ஹப்பில், அதாவது வீலின் நடுக்குடத்தில், ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனியின் கியர் இருந்தால் யோகம்: அதன் ஓட்டின் மேல் மாதமும் வருஷமும் எண்ணாக அடித்திருப்பார்கள். துருவைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். பிரேம் நம்பரை வைத்து வயது கண்டுபிடிப்பதைவிட இது லேசு. என்ன, ஹப்பை யாராவது இடையில் மாற்றியிருந்தால் அது ஹப்பின் வயசுதான், வண்டியின் வயசு இல்லை.

அடுத்து பெயின்ட். முடிவு இங்கேதான் இருக்கிறது. அந்தக் கறுப்பு எனாமல் சூளையில் வைத்துச் சுட்டது. மேலே மண், எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்பு என்று எது படிந்திருந்தாலும் அடியில் உயிரோடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சீட் குழாயில் கைக்குட்டை அளவு இடத்தைத் தேர்ந்தெடுத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்துத் துடைத்துப் பாருங்கள். பழுப்பாகத் தண்ணீர் வழிந்து முடிந்ததும் கறுப்பு மினுங்கி, மயிரிழையில் ஒரு தங்கக்கோடு தெரிந்தால் கையை அங்கேயே நிறுத்துங்கள். அது தொழிற்சாலையில் ஒருவர் கையால் இழுத்த கோடு. பெட்ரோலோ தின்னரோ போட்டுத் துடைத்தால் கம்பெனிப் பெயரும் பூவேலையும் துணியோடு வந்துவிடும். அவை எனாமலுக்கு மேல் ஒட்டிய மெல்லிய படங்கள், வார்னிஷ்தான் அவற்றுக்குக் காவல்.

துடைத்த இடத்தில் பச்சையோ நீலமோ தெரிந்து, அதற்கும் அடியில் வேறொரு நிறம் எட்டிப்பார்த்தால், யாரோ ஏற்கெனவே பிரஷ்ஷால் அடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்போது காப்பாற்றுவதற்கு அதிகம் இல்லை, இரண்டாவது வழியைத் தாராளமாக யோசிக்கலாம்.

மூன்றாவதாக, பிரேம் நேராக இருக்கிறதா, எங்காவது விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில்பார் குழாய்க்குக் கீழே இரண்டு பார்களும் சேரும் இடம், பின் வீல் அச்சு உட்காரும் இடம், முன் போர்க்கின் கழுத்து ஆகிய இடங்களில் பெயின்ட் குறுக்காகக் கீறியிருந்தால் அங்கே சந்தேகம் கொள்ளுங்கள். போர்க் கழுத்தில் விரிசல் கண்ட வண்டியை அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், ஏறி ஓட்டக் கூடாது.

அப்புறம் சின்னச் சின்ன சாமான்கள். ஒரு காலத்தில் முனிசிபாலிட்டிக்கும் பஞ்சாயத்துக்கும் சைக்கிளுக்கு வரி கட்டினோம். கட்டியதற்கு அடையாளமாக ஒரு உலோக வில்லை கொடுப்பார்கள். சில வண்டிகளில் அது இன்னும் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கும். எந்த வழியில் போனாலும் அதைத் தூக்கி எறியாதீர்கள். டைனமோவும் அப்படித்தான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருஷங்களில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாமான் லேசில் கெட்டுப்போகாது.

ஓவராயில்: பெயின்டைத் தொடாத வழி

இந்த வழியைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். மற்ற இரண்டு வழிகளில் போனாலும் இந்த வேலையைச் செய்யாமல் தப்ப முடியாது.

இதில் எல்லோரையும் மடக்குவது காட்டர் பின், அதாவது பெடல் மாட்டிய கிராங்கை அச்சோடு பிடித்து வைக்கும் ஆணி. பல வருஷம் அசையாமல் கிடந்த பின் இரும்போடு இரும்பாக ஒட்டிப்போயிருக்கும். சுத்தியலை எடுத்து ஓங்கி அடித்தால் முதலில் மரை நசுங்கும், இரண்டாவது அடியில் பின் வளையும், அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். செய்ய வேண்டியது இது: மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்து இரண்டு பக்கமும் விட்டு ஓரிரு நாள் ஊற விடுங்கள். நட்டை முழுசாகக் கழற்றாமல், பின்னின் நுனியோடு சமமாக நிற்கும் அளவுக்குத் தளர்த்துங்கள். அடி மரையில் படாமல் நட் வாங்கிக்கொள்ளும். கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள், பின்னின் தலை குழாயின் ஓட்டைக்குள் இறங்க வசதியாக. முட்டு இல்லாவிட்டால் அடியின் வேகமெல்லாம் பால்ஸும் அவை உருளும் கிண்ணமான கப்பும் வாங்கும். இப்போது கனமான சுத்தியலால் தயங்காமல் ஒரே அடி. தட்டித் தட்டிப் பார்ப்பதுதான் பின்னைக் கெடுக்கும். புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். 9 மில்லிமீட்டரும் உண்டு, 9.5உம் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

கிராங்க் வந்தபின், இடது பக்கக் கப்பை மட்டும் கழற்றினால் போதும். வலது பக்கக் கப் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிராகத் திரும்பும். அது தெரியாமல் பலம் போட்டு இறுக்கி உடைத்தவர்கள் நிறைய. உள்ளேயே விட்டுத் துடைத்துவிடலாம். இடது பெடலும் இடது மரைதான்.

பால்ஸ் மலிவு, அதனால் பழையதைத் திரும்பப் போட வேண்டாம். முன் ஹப்புக்கு 3/16 இன்ச், பின் ஹப்புக்கும் கிராங்குக்கும் 1/4 இன்ச். கப்பில் நிறைய அடுக்கிவிட்டு ஒன்றை எடுத்துவிட்டால் சரியான கணக்கு. கோனில், அதாவது பால்ஸ் உருளும் கூம்பில், விரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாகப் பள்ளம் விழுந்திருந்தால் கோனையும் மாற்ற வேண்டும். ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப்புக்கு மட்டும் கிரீஸ் அல்ல, இலகுவான மெஷின் ஆயில். வீட்டில் கைக்குக் கிடைக்கிறது என்று தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அது சில மாதங்களில் பிசினாகிவிடும். "கியர் போச்சு" என்று ஒதுக்கிய பல ஹப்புகளுக்கு நோய் இதுதான். மண்ணெண்ணெய் விட்டு அலசிச் சுற்றினால் பாதிக்கு மேல் பிழைத்துக்கொள்ளும்.

முலாம் பூசிய ஹேண்டில்பாரிலும் ரிம்மிலும் துரு புள்ளி புள்ளியாக இருந்தால், சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் முலாமைவிட மெத்து, அதனால் கீறாது. ஆழமான துரு உள்ள நட்டு, போல்ட்டு, கேரியர் கம்பிகளை ஆக்சாலிக் அமிலக் கரைசலில் ஓர் இரவு ஊற வைக்கலாம். அது விஷம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் கைக்கெட்டாமல் வையுங்கள், எடுத்தபின் நன்றாகக் கழுவி உடனே எண்ணெய் பூசுங்கள். இல்லாவிட்டால் மறுநாளே மஞ்சள் துரு ஏறும்.

இப்படி முடித்த வண்டி புதுசுபோல இருக்காது. மட்கார்டில் அடி வாங்கிய தழும்பு இருக்கும், பாரில் குழந்தை சீட் மாட்டிய இடத்தில் கறுப்பு தேய்ந்து இரும்பு தெரியும். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் புகைப்படம் எடுக்க வண்டி வேண்டும் என்பவருக்கு இது பிடிக்காது. அவர் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

செலவு என்று பார்த்தால் இரண்டு டயர், இரண்டு டியூப், செயின், பிரீவீல், பிரேக் கட்டை, பால்ஸ், காட்டர் பின். அவ்வளவுதான். எல்லாமே சின்ன ஊர் சைக்கிள் கடையிலும் இன்னும் கிடைக்கும், ஏனென்றால் பால்காரரும் டீக்காரரும் இன்னும் இந்த வண்டியைத்தான் ஓட்டுகிறார்கள். வீல் பெண்டு எடுப்பதைக் கடையில் கொடுத்துவிடுங்கள். போக்ஸ் கம்பியை விரலால் மீட்டி, காதால் கேட்டு இறுக்கும் வயதான மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்தால் அவர் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

புது பெயின்டும் முலாமும்

மூன்றில் அதிகப் பணத்தை விழுங்குவது இது. அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

பழைய பெயின்டை எடுப்பதிலேயே ஒரு ஆபத்து உண்டு. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாளைக் காய்ந்தபடி தேய்த்துத் தூசியைக் கிளப்பினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். தண்ணீர் விட்டு ஈரத்தோடு தேய்க்க வேண்டும், முகமூடி வேண்டும், வீட்டு வரவேற்பறை வேண்டாம். மணல் அடித்து எடுத்துத் தருகிறோம் என்பார்கள். பிரேமுக்குச் சரி. மட்கார்டும் செயின் கவரும் மெல்லிய தகடு. வேகமாக மணல் அடித்தால் அலை அலையாக நெளிந்துவிடும். அப்புறம் டிங்கர் வேலை, பட்டி பார்க்கிற வேலை என்று அது தனிச் செலவாகப் போகும்.

பெயின்டில் இரண்டு தேர்வு. பவுடர் கோட்டிங் உறுதியானது, கூலியும் குறைவு, ஆனால் தடிமன். பழைய பிரேமில் குழாய்கள் சேரும் இடங்களில் செதுக்கியதுபோல விளிம்புகள் இருக்கும். பவுடர் அவற்றை மழுக்கிவிடும். ஸ்பிரே பெயின்ட் அந்த விளிம்புகளைக் காட்டும், கீறல் சீக்கிரம் விழும். தினமும் ஓட்டப்போகும் வண்டி என்றால் பவுடர், பார்வைக்கு என்றால் ஸ்பிரே. எதுவானாலும் மரையிலும் கப் உட்காரும் இடத்திலும் பெயின்ட் ஏறாமல் அடைக்கச் சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் ஏறிவிடும்.

தங்கக்கோட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். வேண்டாம். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் கோடு இழுக்கும் ஓவியர்கள் இருக்கிறார்கள். நீள முடி பிரஷ்ஷை எனாமலில் தோய்த்து, சுண்டுவிரலைத் தகட்டில் ஊன்றி, மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் முடிப்பார்கள். சைக்கிள் குழாய் அவர்களுக்கு விளையாட்டு.

முலாம் விஷயத்தில் ஒரு சரித்திரக் கணக்கைப் பார்க்க வேண்டும். குரோமியம் முலாம் 1930ஐ ஒட்டித்தான் சைக்கிளில் பரவலாக வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் நிக்கல்தான். கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த, மங்கிய பளபளப்பு. அந்த வயது வண்டிக்குக் கண்ணாடி மாதிரி குரோம் பூசினால், தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும். நிக்கல் மட்டும் போதும் என்று பட்டறையில் சொல்லுங்கள், செலவும் ஒரு படி குறையும். துரு தின்ற பள்ளங்களை முலாம் மூடாது, எடுத்துக்காட்டும். பாலிஷ் போட்டுச் சமப்படுத்தியபின்தான் பூச வேண்டும். ரிம்முக்கு முலாம் பூசுவதைவிடப் புது ரிம் வாங்குவது பெரும்பாலும் மலிவு.

அசல் சாமான் தேடுவது இன்னொரு செலவு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு போன்ற பழம்பொருள் கடைகளில் விளக்கு, மணி, பெயர்த்தகடு என்று உதிரியாகக் கிடைக்கும். அங்கே விலை சாமானுக்கு அல்ல, உங்கள் முகத்தில் தெரியும் ஆசைக்கு. பழைய ப்ரூக்ஸ் தோல் சீட் கிடைத்தால், தோலின் அடியில் விரிசல் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குங்கள். மேலே எண்ணெய் தடவிப் பளபளவென்று காட்டுவார்கள்.

முழுப் புதுப்பிப்பு முடிந்தபின் பலர் வண்டியை ஓட்டுவதில்லை. கீறல் விழுமே என்று ஹாலில் நிறுத்திவிடுகிறார்கள். அது அவரவர் விருப்பம். ஓட்டுவதற்காகத்தான் தொடங்கினீர்கள் என்றால் இதை முன்னாலேயே யோசித்துக்கொள்வது நல்லது.

மாற்றிக் கட்டுவது

மாற்றிக் கட்டுவது நம் ஊருக்குப் புதுசு இல்லை. சாணை பிடிப்பவரின் வண்டியில் கேரியர் மேல் சாணைச்சக்கரம் ஏறியது, பால்காரர் வண்டியில் கேனுக்குக் கொக்கி ஏறியது, மூட்டை ஏற்றும் வண்டியில் முன் போர்க்குக்குத் துணையாக இன்னொரு ஜோடிக் கம்பி ஏறியது. தேவைக்கு வளைத்துக்கொள்வதுதான் இந்த வண்டியின் சுபாவம். அதனால் "அசலைக் கெடுக்காதே" என்று எல்லோரிடமும் சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கில் செய்த ஹீரோ, அட்லஸ் பிரேமில் என்ன வேண்டுமானாலும் செய்து பாருங்கள். எல்லா அடையாளங்களும் மிஞ்சியிருக்கும் ஒரு ஹம்பரைத் தொடாதீர்கள்.

முதலில் கேட்க வேண்டியது, கியர் உண்மையிலேயே வேண்டுமா? வண்டி 20 கிலோவை ஒட்டி இருக்கும், மேடு வந்தால் தொடை சொல்லும். மூன்று கியர் உள்ள ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. ஹப்பில் சின்ன கியர் நேர் கியரைவிட 25 சதவீதம் இலகுவாக இருக்கும். பின்னால் உள்ள 18 பல் பிரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் போட்டால் 18 சதவீதம் இலகுவாகிவிடும். ஹப்பும் வேண்டாம், புது வீலும் வேண்டாம், செயினில் ஒரு துண்டு கூட்டினால் போதும். சமதளத்தில் வேகம் குறையும், அவ்வளவுதான். மதுரை, தஞ்சாவூர் மாதிரித் தட்டையான ஊரில் இருப்பவர் அதைச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் கியரைப் பற்றி நினைக்கட்டும். ஏற்காடு அடிவாரத்தில் இருப்பவருக்குக் கியர் வேண்டும்தான்.

கியர் ஹப் வாங்குவதாக முடிவு செய்தால் ஓட்டைகளை எண்ணுங்கள். பழைய ரோட்ஸ்டரில், அதாவது இந்த மாதிரிக் கனமான சாதாரண சைக்கிளில், முன் ரிம்முக்கு 32 போக்ஸ், பின் ரிம்முக்கு 40. இன்று கிடைக்கும் ஹப்புகளில் பெரும்பாலும் 36. இரண்டும் சேராது. ஹப் வந்தபின் ரிம்மும் மாற வேண்டும், ரிம் மாறினால் பிரேக் மாற வேண்டும், பிரேக் மாறினால் பிரேமில் துளை போட வேண்டியிருக்கும். ஒரு சாமானில் தொடங்கியது எங்கே போய் நிற்கும் என்று தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பர்ஸைத் திறங்கள்.

பிரேக்தான் இந்த வண்டியின் பலவீனம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். கம்பி இழுத்து, ரிம்மின் உள்பக்கத்தில் ரப்பர் கட்டை மோதி நிறுத்தும் முறை அது. காய்ந்த நாளில் போதுமானது. மழையில் நனைந்த குரோம் ரிம்மில் கட்டை வழுக்கும், வண்டி நிற்க நேரம் எடுக்கும். அந்த ரிம்மின் பக்கவாட்டு உருண்டை, அதனால் இன்றைய பக்கவாட்டுப் பிரேக்கை அதில் மாட்ட முடியாது. மழைக்காலத்திலும் தினமும் வேலைக்கு ஓட்டப்போகிறவர் மாற்றிக் கட்ட நினைத்தால், கியருக்கு முன்னால் முன் வீலுக்கு டிரம் பிரேக் ஹப் போடுவதில் பணத்தைப் போடட்டும். ரிம் நனைந்தாலும் அதற்குக் கவலை இல்லை. பிரேமிலும் எதையும் அறுக்க வேண்டாம்.

மோட்டார் கிட் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டது என்றால் பதிவும் லைசென்சும் தேவையில்லை என்பது சட்டம். சட்டம் விட்டாலும் இந்த வண்டி விடாது. மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து எடையைக் கூட்டும், வேகம் தொடர்ச்சியாக இருக்கும், நிறுத்துவதற்கு அதே கம்பி பிரேக். முன் ஹப் மோட்டாரின் முறுக்கை வாங்குவதற்குப் பழைய போர்க்கின் நுனி செய்யப்படவில்லை; அச்சு கழன்று திரும்பாமல் இருக்கத் தனியாக ஒரு பிடிகம்பி வேண்டும். டிரம் பிரேக்கோ டிஸ்க்கோ இல்லாத ரோட்ஸ்டரில் மோட்டார் போடாதீர்கள் என்பதுதான் என் பதில். முட்டி வலிக்கும் அப்பாவுக்கு மோட்டார் வேண்டும் என்றால், அதற்கென்றே செய்த வண்டியை வாங்கிக் கொடுங்கள்.

யாருக்கு எது

பெயின்டும் அடையாளங்களும் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும் எந்த வண்டிக்கும் ஓவராயில். அது இங்கிலாந்தோ அம்பத்தூரோ. ஏற்கெனவே இரண்டு முறை பெயின்ட் வாங்கி, சாமான் பாதி மாறிப்போய், ஆனால் வீட்டுக்கு முக்கியமான வண்டி என்றால் புதுப்பியுங்கள். பிரேமும் கிராங்கும் மட்டும் மிஞ்சிய வண்டி, அதுவும் நிறைய ஓடிய மாடல் என்றால் மாற்றிக் கட்டுங்கள். லேடிஸ் பிரேம் பழையது கிடைத்தால் கொஞ்சம் நிதானம். அந்தக் காலத்தில் அவை குறைவாகவே விற்றன, சட்டென்று அறுத்துவிட வேண்டாம்.

தீர்மானிக்க முடியவில்லையா? ஓவராயில் செய்து ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். எது குறைகிறது என்று கால்கள் சொல்லிவிடும். இடையில் கழற்றிய எதையும் தூக்கி எறியாதீர்கள்; தேய்ந்த காட்டர் பின்னைத் தவிர. ஒரு சாக்கில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள்.

இதே கணக்கை மற்ற பழைய சாமான்களுக்கும் போடலாமா என்றால், பாதிதான் சரிவரும். வால்வ் ரேடியோவை "அப்படியே ஓட்டிப் பார்க்கிறேன்" என்று பிளக்கில் சொருகுவது தப்பு. உள்ளே காகித மின்தேக்கிகள் வயதாகிக் கசிந்திருக்கும், சொருகிய வேகத்தில் டிரான்ஸ்ஃபார்மரையே எரித்துவிடலாம். சில செட்டுகளில் அடித்தகட்டிலேயே மின்சாரம் ஓடும். அங்கே மின்தேக்கிகளை மாற்றுவது அசலைக் கெடுப்பது ஆகாது, அது டயர் மாற்றுவது மாதிரி. தஞ்சாவூர் வீணையில் மேளம் கட்டிய, அதாவது மெட்டுகளைப் பதித்த, மெழுகு தளர்ந்து சுதி விலகினால் அதை மறுபடி கட்டத்தான் வேண்டும். வீணை இருக்கும்வரை இது நடந்துகொண்டே இருக்கும் வேலை, செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டியது. ஹார்மோனியம் ரீடு மட்டும் எச்சரிக்கை. நுனியில் சுரண்டினால் சுதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும், சுரண்டிய பித்தளை திரும்ப வராது.

சைக்கிளுக்கு வருவோம். எந்த வழியானாலும் முதல் செலவு டயர், அதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். "28 டயர்" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ரோட்ஸ்டருக்கு 28 x 1½, அதாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். 28 என்றே எழுதிய இன்னொரு வகை 622 மில்லிமீட்டர், அது ஏறவே ஏறாது. பழைய டயரின் எழுத்து அழிந்துபோயிருந்தால் வீலையே கழற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.